பியூகிளுக்குள் ஒரு காளைக்கன்று

மொரீஷியஸில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்கள் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது. நான் மாட்டிக்கொண்டது 'பியூகிள்' என்ற ஊதுகருவியின் பெயரில்.

ஒரு இசை நிகழ்ச்சிக்கான பிரெஞ்சு அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். கலைஞர் பெயருக்குக் கீழே வாத்தியத்தின் பெயர் 'பியூகிள்' என்றிருந்தது. ஆங்கிலத்தில் தெரிந்த சொல்தானே என்று அகராதியைத் திறக்காமலே 'ராணுவ ஊதுகொம்பு' என்று போட்டுவிட்டேன். அன்று மாலை மேடையில் அவர் வாசித்ததோ விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் மூன்று வால்வுகள் உள்ள, ஜாஸ் இசைக்குழுக்களில் வருகிற, குழைவான குரலுள்ள வாத்தியம். ஆங்கிலத்தில் அதற்கு ஃப்ளூகல்ஹார்ன் என்று பெயர். அணிவகுப்புப் பார்க்கலாம் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் கடைசிவரை என்னை முறைத்துக்கொண்டே இருந்தார்.

ஆங்கிலேயர் பியூகிள் என்பதைப் பிரெஞ்சுக்காரர் 'கிளெரோன்' என்பார்கள். பிரெஞ்சுப் படைக்குள் அது 1822இல் வந்தது. வால்வே கிடையாது, உதட்டின் இறுக்கத்தை மாற்றித்தான் சுரம் பிடிக்க வேண்டும். அதனால்தான் ராணுவ அழைப்புகள் பெரும்பாலும் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒரு மாடு. லத்தீனில் 'பூகுலுஸ்' என்றால் காளைக்கன்று. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோதும் மாட்டைத்தான் குறித்தது. மாட்டுக்கொம்பில் செய்த ஊதுகருவிக்கு 'பியூகிள் கொம்பு' என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் 'கொம்பு' உதிர்ந்தது, மாட்டையும் மறந்தார்கள், கருவி மட்டும் மிஞ்சியது. அப்புறம் 1810இல் டப்ளினைச் சேர்ந்த ஜோசப் ஹாலிடே அதில் துளைகளைத் திறந்து மூடும் விரல்கட்டைகள் பொருத்திக் காப்புரிமை பெற்றார். ஆங்கிலத்தில் கருவியாகிவிட்ட அந்தச் சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு திரும்ப வாங்கிக்கொண்டது. போனது மாடு, வந்தது வாத்தியம். மாடு கத்துவதைப் பிரெஞ்சில் 'பெக்லே' என்கிறோமே, அதுவும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு, கோயில் ஊர்வலத்தில் ஊதுவதும் கொம்பு. பித்தளையில் செய்தாலும் பெயர் மாறவில்லை. வகுப்பில் 'கெ'வுக்குப் போடுகிற ஒற்றைக் கொம்பையும் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வினைச்சொல்லில்தான் அதிகம் சறுக்குகிறோம். 'பியூகிள் வாசித்தார்' என்று எழுதினால் கச்சேரி நினைவு வரும். படைவீரர் நினைவு நாளில் 'பியூகிள் ஊதினார்' போதும். 'சங்கு ஊதினார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நம் ஆட்களுக்கு அது வேறு பொருள். எனக்கு மிகவும் பிடித்தது பிரெஞ்சின் 'கிளெரோனே'. கிளெரோன் ஊதுவதைக் குறித்த வினை, இன்று ஊரறியப் பெருமையடிப்பதற்கும் ஆகிறது. தமிழில் இதற்குச் சொல் தேடி நான் அரை நாள் அலைந்தேன். எக்காளம் என்பது ஊதுகருவி. எக்காளமிடுவதோ வெற்றிக் களிப்பில் கொக்கரிப்பது. கையிலேயே இருந்திருக்கிறது!

இப்போதெல்லாம் பிரெஞ்சுத் தாளில் 'பியூகிள்' என்று கண்டால், அனுப்பியவருக்கு போன் போட்டு வால்வு உண்டா இல்லையா என்று கேட்டுவிடுகிறேன். மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு.