வெங்காரம் உருகும்போது

நெல்லை டவுனில் நகை ஆசாரி ஒருவர் குழலை வாயில் வைத்து விளக்குச் சுடரை ஊதுவதைப் பார்த்த வாசகி கேட்கிறார்: "அடுப்படி ஊதாங்குழலிலும் காற்றுத்தானே போகிறது; இதில் மட்டும் தங்கம் எப்படி ஒட்டுகிறது?"

சுடர் எரிவது அதன் மேல்தோலில்தான். உள்ளே இருப்பது இன்னும் எரியாத எண்ணெய் ஆவி. அதன் நடுவே மெல்லிய துளை வழியாகக் காற்று புகுந்தால், பரவி எரிய வேண்டிய ஆவி ஒரு சிறிய நீலக் கூம்பாகக் குவிந்து எரிகிறது. எண்ணெய் கூடவில்லை, சூடு ஓரிடத்தில் குவிகிறது. மிகப் பலமாக ஊதினால் கெட்டது: காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், அது சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். ஊதும் காற்று விட்டுவிட்டு வரக்கூடாது. அதனால் கன்னத்தில் தேக்கிய காற்று வெளியேறும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார்கள்.

நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும் பொடி, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை. ஆனால் சூடேறியதும் நகைத் தங்கத்திலுள்ள செம்பு ஆக்சைடாகிக் கறுக்கும். அதன்மேல் பொடி ஓடாமல் உருண்டு நிற்கும். இங்கேதான் வெங்காரம், அதாவது போராக்ஸ் என்னும் உப்பு, வருகிறது. முதலில் மெதுவாகச் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் தன்னுள் இருக்கும் நீர் ஆவியாகிப் பொரிந்து பொடியைத் தள்ளிவிடும். 743 பாகை செல்சியசில் அது கண்ணாடிபோல் உருகி ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது. சுடரைப் பொடிமேல் காட்டக்கூடாது. நகை முழுவதும் சூடேறினால், சூடு கூடிய பக்கத்தைத் தேடிப் பொடி தானே ஓடும்.

கரைந்த ஆக்சைடு வெங்காரத்துக்கு நிறமும் கொடுக்கும். 1751இல் நிக்கலைக் கண்டறிந்த சுவீடன்காரர் க்ரோன்ஸ்டெட், கனிமங்களை அடையாளம் காண ஊதுகுழலை முறைப்படி கையாண்டவர். இரும்பு ஆக்சைடால் சிவந்த நம் தேரிக்காட்டுச் செம்மண்ணிலேயே இந்த நிறச் சோதனையைச் செய்யலாம். கம்பி நுனியில் 3 மில்லிமீட்டர் வளையம் வளைத்து, அதில் வெங்காரத்தை உருக்கித் தெளிந்த மணியாக்குங்கள். மண்ணை மாவாக அரைத்து, சூடான மணியால் ஒரு துளி தொட்டு, நீலக் கூம்பின் நுனிக்கு வெளியே காட்டுங்கள். அங்கே ஆக்சிஜன் தாராளம், மணி மஞ்சளாகும். அதே மணியைக் கூம்புக்குள் இழுத்தால், எரியாத ஆவி இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும். மணி பாட்டில் பச்சைக்கு மாறும். வெளியே கொண்டுவந்தால் மறுபடி மஞ்சள்! ஒரே இரும்பின் இரண்டு நிலைகள், ஒரு விரற்கடைத் தூரத்தில்.

எந்தப் பள்ளி ஆய்வகத்துக்கும் திரையில் ஓடும் படத்துக்கு முன்னால் இது வேண்டும். மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, மண்ணை அள்ளி எடுப்பது. மணி கறுத்துவிட்டால் நிறம் தெரியாது. சூட்டோடு உதறிவிட்டுப் புது மணி எடுங்கள்.