கூட்டுத்தொற்று: காசநோயும் எச்.ஐ.வி.யும் சேரும்போது

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து தரும் மையங்களிலும் காசநோய்ப் (டிபி) பிரிவுகளிலும் அடிக்கடி காதில் விழும் சொல் ‘கோ-இன்ஃபெக்‌ஷன்’. ஒரே உடம்பில் இரண்டு கிருமிகள் ஒரே காலத்தில் குடியிருப்பதை இது குறிக்கும். அந்த மையங்களில் இப்படிச் சொன்னால் பெரும்பாலும் டிபியும் எச்.ஐ.வி.யும் என்றே பொருள். தமிழில் இதை உடன்தொற்று, இணைத்தொற்று, கூட்டுத்தொற்று என்று மூன்று விதமாக எழுதலாம். மூன்றில் கூட்டுத்தொற்றுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

‘கோ’ என்பது ‘சேர்ந்து’ என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு. ‘இன்ஃபெக்‌ஷன்’ வந்த வழிதான் கவனிக்க வேண்டியது. சாயத்தில் முக்குவது, கறைபடுத்துவது என்று பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து அது வந்தது. தமிழில் ‘தொற்று’ அப்படிப் பிறக்கவில்லை. தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல், ஒட்டி ஏறுதல். பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போகிறார்கள் என்கிறோமே, அதே தொற்றுதான். நோய் வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வந்தவர் மேல் கறை எதுவும் இல்லை. இந்த இரண்டு நோய்களுமே மனிதர்களை வெட்கப்படுத்தி ஆஸ்பத்திரிக்கு வரவிடாமல் செய்தவை. அதனால் இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சரி, ஏன் ‘இணை’ வேண்டாம்? கொரோனா காலத்தில் ‘இணைநோய்’ என்ற சொல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று பக்கத்தில் இருக்கும் இன்னொரு நோய் என்றே அதைப் புரிந்துகொள்கிறோம். ‘உடன்’ என்பதோ ஒரே நேரத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறது. காசநோய்க் கிருமியும் எச்.ஐ.வி.யும் சும்மா பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை அல்ல. ஒன்றுக்கு மற்றது வேலை செய்கிறது. கூட்டுச் சேர்வது என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்தக் கூட்டு எப்படி நடக்கிறது? உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயாளிகள் அல்ல. உள்ளே வரும் கிருமியை விழுங்கு செல்கள் விழுங்குகின்றன. சிடி4 என்ற வெள்ளை அணுக்கள் ஆணையிட, மற்ற செல்கள் சுற்றிலும் நெருக்கி நின்று அதை ஒரு சிறு கட்டிக்குள் அடைத்துவிடுகின்றன. கிருமி சாகாமல் அதற்குள் வருடக்கணக்கில் உறங்கலாம். இதை உறங்குநிலைத் தொற்று என்கிறோம். ‘ட்யூபர்குலோசிஸ்’ என்ற பெயரே இந்தச் சிறு கட்டியிலிருந்து வந்தது. லத்தீனில் ட்யூபர்குலம் என்றால் சிறு புடைப்பு. 1830களில் ஷோன்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் அந்தப் பெயரைத் தந்தார். கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார்.

எச்.ஐ.வி. குறிவைத்து அழிப்பது அந்தச் சிடி4 அணுக்களையே. ஆணையிட ஆள் குறையக் குறைய கட்டி இளகி, உறங்கிய கிருமி வெளியே வருகிறது. கிருமி தொற்றிய சாதாரண ஒருவருக்கு வாழ்நாள் முழுவதிலும் நோயாக மாறும் வாய்ப்பு 5 முதல் 10 சதவீதம். எச்.ஐ.வி.யும் இருந்து அதற்குச் சிகிச்சை எடுக்காதவருக்கு ஒரே ஆண்டில் சுமார் 10 சதவீதம். மறுபக்கமும் உண்டு. காசநோயை எதிர்க்க உடம்பு செல்களைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட செல்களுக்குள்தான் எச்.ஐ.வி. வேகமாகப் பெருகும். அதனால் ரத்தத்தில் வைரஸ் அளவு ஏறுகிறது, சிடி4 இன்னும் இறங்குகிறது.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு வரும் காசநோயை, எதிர்ப்புச் சக்தி குறைந்த சமயம் பார்த்து நுழைவது என்ற பொருளில், ‘சந்தர்ப்பவாதத் தொற்று’ என்றும் எழுதுகிறார்கள். அரசியல் மேடை வாடை வீசும் சொல் அது, ‘வாய்ப்புத்தொற்று’ மேல். ஆனால் எந்தப் பெயரில் சொன்னாலும் காசநோய்க்கு அது பாதிதான் பொருந்தும். நிமோசிஸ்டிஸ் நிமோனியா போன்றவை பொதுவாகச் சிடி4 எண்ணிக்கை (ஒரு கன மி.மீ. ரத்தத்தில்) 200க்குக் கீழே விழும்வரை காத்திருக்கும். காசநோய் காத்திருக்காது, 500க்கு மேல் இருக்கும்போதும் வரும். காற்று வழியே பரவுவதால் எச்.ஐ.வி. இல்லாத வீட்டாரையும் தொற்றும். (இருமலால் டிபி பரவும், எச்.ஐ.வி. ஒருநாளும் பரவாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.)

‘காசம்’ என்ற சொல்லும் இங்கே கொஞ்சம் இடறுகிறது. வடமொழியில் அதற்கு இருமல் என்றே பொருள். சிடி4 வெகுவாகக் குறைந்தவருக்கு இருமலே பெரிதாக இல்லாமல் டிபி இருக்கலாம். சளியில் கிருமி தெரியாது, எக்ஸ்ரேயும் தெளிவாகக் காட்டாது. கழுத்தில் நெறி கட்டும், நுரையீரல் உறையில் நீர் சேரும், சிலருக்கு மூளை உறையில் போய் உட்காரும். எடை குறைவதும் மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும்தான் தடயம். தேய்வு என்று பொருள்படும் க்ஷயம், அது தமிழில் திரிந்த சயரோகம், நம் எலும்புருக்கி ஆகிய பழைய பெயர்கள் இந்த உருக்கத்தைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. இருமல் இல்லை, அதனால் டிபி இல்லை என்று எச்.ஐ.வி. உள்ள யாரும் இருந்துவிடக்கூடாது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு முகவரியே உண்டு. 1928இல் டேவிட் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் காசநோய்க்கென்றே எழுந்தது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை சென்னையில் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோர் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டில் அந்த நோயாளிகளும் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2004இல் அரசு எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று.

எல்லா இடத்திலும் கதை இப்படிப் போகவில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடாலில் துகேலா ஃபெரி என்ற ஊரில் 2005-06இல் முக்கிய மருந்துகள் பலவற்றுக்கும் கட்டுப்படாத காசநோய் 53 பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேர் இறந்தார்கள். அவர்களில் எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்ட அனைவருக்கும் அது இருந்தது.

கூட்டு என்பதால் சிகிச்சையையும் கூட்டாகத்தான் திட்டமிட வேண்டும். முதலில் டிபி மருந்து, அது உடம்புக்கு ஒத்துப்போனதும் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. மூளை உறைக் காசநோய் என்றால் 4 முதல் 8 வாரம் பொறுப்பார்கள். எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது சிலருக்குக் காய்ச்சலும் நெறிக்கட்டும் திடீரென்று கூடும். மருந்து கெடுத்துவிட்டது என்று பயந்து தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் தினம் ஒரு தடவை எடுத்த டொலுடெக்ராவிரை இரண்டு தடவையாக்குவார்கள்.

டிபி கண்டவருக்கு எச்.ஐ.வி. சோதனையும், எச்.ஐ.வி. உள்ளவரிடம் ஒவ்வொரு வருகையிலும் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை பற்றிய கேள்வியும் இதனால்தான். நாலும் இல்லையென்றால் காசநோய்த் தடுப்பு சிகிச்சை தருவார்கள்: ஐசோனியசிட் ஆறு மாதம் தினமும், அல்லது ரிஃபாபென்டினுடன் சேர்த்து வாரம் ஒரு முறை மூன்று மாதம். உங்கள் மையத்தில் அதைப் பற்றிப் பேசவில்லையென்றால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள்.