அலுமினாவைச் சுடும்போது மேற்பரப்பில் நடப்பது

அலுமினியம் ஆக்சைடின் ஒரு படிக வடிவமான காமா அலுமினா பார்வைக்கு வெறும் வெள்ளைப் பொடி. ஆனால் எத்தனாலிலிருந்து நீரைப் பிரித்து எத்திலீன் தருவதும், வாகனப் புகைக்குழாயில் பிளாட்டினத் துகள்களைச் சுமப்பதும் இதன் மேற்பரப்புதான். சுடும் விதம் மாறினால் அந்த மேற்பரப்பே வேறாகிவிடும்.

தொடக்கப்பொருள் போமைட் (AlOOH) என்ற அலுமினியச் சேர்மம். சுமார் 450–500 டிகிரி செல்சியஸில் அது நீரை இழந்து காமா அலுமினா ஆகிறது. 100 கிராம் போமைட் சுட்டால் 85 கிராம் மிஞ்ச வேண்டும். அதற்கும் கீழே போனால், பொடியில் ஈரமோ நைட்ரேட்டோ ஒட்டியிருந்தது என்று பொருள்.

உள்ளிருந்த நீர் போன பிறகும் மேற்பரப்பை ஹைட்ராக்சில் (OH) குழுக்கள் மூடியிருக்கும். சூடு ஏற ஏற, அருகருகே இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில்கள் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறாகக் கிளம்பும். ஓர் ஆக்சிஜன் அங்கேயே தங்கும். பக்கத்து அலுமினியம் தன்னைச் சூழ்ந்திருந்த துணைகளில் ஒன்றை இழந்து வெறுமையாக நிற்கும். எலக்ட்ரான் இணையை ஏற்கக் காத்திருக்கும் அந்த அலுமினியமே லூயிஸ் அமில மையம். தங்கிய ஆக்சிஜன் காரமாக நடந்துகொள்ளும். 500 டிகிரியிலும் எல்லா ஹைட்ராக்சில்களும் போவதில்லை. ஜோடி சேரப் பக்கத்தில் ஆளில்லாதவை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த மாற்றம் மீளக்கூடியது. சுட்ட பொடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரமே அமில மையங்களை அடைத்துவிடும். ஆகவே உலர்கலனில் ஆறவைத்து, வினைக்கு முன் உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் 300–400 டிகிரியில் மறுபடி சூடாக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு வினையூக்கி செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசர முடிவு.

பலரும் உலையின் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறார்கள், நீராவியை மறந்துவிடுகிறார்கள். கிண்ணத்தில் பொடியைக் குவித்தால் அடியில் இருப்பது தன் நீராவியிலேயே வேகும். நுண்துளைகள் பெருத்து, பரப்பளவு குறையும். பொடியை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்க விடாமல் பரப்பி, நிமிடத்துக்கு 2–3 டிகிரி வீதம் ஏற்றி, உலர்ந்த காற்றைச் செலுத்தியபடி 500 டிகிரியில் 4 மணி நேரம் வைப்பது நல்ல தொடக்கம். சோடியம் மிச்சமிருந்தால் எவ்வளவு கவனமாகச் சுட்டும் பயனில்லை, அமில மையங்களை அது செயலிழக்கச் செய்யும். சுடுவதற்கு முன்பே கழுவி நீக்க வேண்டும்.

மேலும் சூடாக்கினால் டெல்டா, தீட்டா என்ற படிக வடிவங்களைத் தாண்டி, ஏறத்தாழ 1100 டிகிரியில் ஆல்ஃபா அலுமினா உருவாகும். ஆக்சிஜன் அடுக்கே மாறிப்போவதால் இங்கிருந்து திரும்ப வழியில்லை. கிராமுக்கு 200 சதுர மீட்டர் அளவில் இருந்த பரப்பு 10க்கும் கீழே சரியும். புகைக்குழாய் வினையூக்கியில் சில சதவீதம் லாந்தனம் சேர்ப்பது இந்தச் சரிவைத் தள்ளிப்போடத்தான். ஆனால் எத்திலீன் ஆக்சைடு தயாரிப்பில் வெள்ளிக்குத் தாங்கியாக ஆல்ஃபா அலுமினாவையே தேடி எடுக்கிறார்கள். காமாவின் அமில மையங்கள் உருவான எத்திலீன் ஆக்சைடை அசிட்டால்டிஹைடாக மாற்றிவிடும். அது அப்படியே எரிந்து கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும்.