வயிறு தடுத்த மூளை மருந்து

1952-இல் பாரிஸின் சென்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் தீவிர மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசின் கொடுத்தார்கள். கொந்தளிப்பும் பிரமைகளும் தணிந்தன. ஆனால் அந்த மருந்து மூளையில் எதைத் தொடுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனை வாங்கிக்கொள்ளும் வாசல்களில் ஒன்றான டி2 ஏற்பியை அது அடைக்கிறது என்பது தெளிவானது 1970களின் நடுவில்தான். மருந்து முதலில் வந்தது, இலக்கு அப்புறம் தெரிந்தது!

பிறகு பல பத்தாண்டுகள் மனச்சிதைவு நோய்க்கு வந்த மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே அதே ஏற்பியைத்தான் குறிவைத்தன. காதில் கேட்கும் குரல்கள் அடங்கும். ஆனால் எதிலும் நாட்டமில்லாமல் போவது, யோசிக்கத் தடுமாறுவது போன்றவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். கைநடுக்கமும் உடல் எடை கூடுவதும் தாளாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

சரி, வேறு இலக்கைத் தேட வேண்டியதுதானே? உனக்குக் குரல் கேட்கிறதா என்று எலியிடம் கேட்க முடியாது. வாழ்கிற மனிதரின் மூளையிலிருந்து தேவைப்படும்போதெல்லாம் திசு எடுத்துப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் நோயாளிகளிடம் எதிர்பாராமல் தென்படும் மாற்றம் ஒவ்வொன்றும் விலை மதிப்பற்ற தடயம்.

1990களில் அப்படி ஒன்று கிடைத்தது. அல்சைமர் நோயாளிகளின் நினைவாற்றலுக்காக எலி லில்லி நிறுவனம் சனோமெலின் என்ற மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. டோபமைனைப் போலவே செய்தி கடத்தும் இன்னொரு வேதிப்பொருள் அசிடைல்கோலின். அதற்கான மஸ்காரினிக் ஏற்பிகள் ஐந்து வகை. அவற்றில் எம்1, எம்4 இரண்டையும் இது முக்கியமாகத் தூண்டுகிறது. 1997-இல் வெளியான முடிவுகளில், நோயாளிகளின் பிரமைகளும் வீண் சந்தேகங்களும் குறைந்திருந்தன. எம்4 தூண்டப்படும்போது மூளையின் குறிப்பிட்ட பகுதிகளில் டோபமைன் சுரப்பதே குறைகிறது. பழைய மருந்துகள் தண்ணீர் உள்ளே வராமல் வாசலை அடைத்தன என்றால், இது குழாயையே திருகி மூடுகிறது.

ஆனால் மஸ்காரினிக் ஏற்பிகள் குடலிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இருக்கின்றன. வாந்தி, குமட்டல், வியர்வை என்று வந்து, அதிக அளவு எடுத்தவர்களில் பாதிப்பேர் சோதனையிலிருந்து விலகினார்கள். மருந்து கிடப்பில் போனது.

அதை மீட்ட யோசனை எளிமையானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. சிறுநீர்ப்பைக் கோளாறுக்குத் தரும் ட்ரோஸ்பியம் மஸ்காரினிக் ஏற்பிகளை அடைக்கும். அதன் மூலக்கூறு மின்னூட்டம் உடையது என்பதால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், சனோமெலின் மூளையில் வேலை செய்யும். உடலின் மற்ற இடங்களில் ட்ரோஸ்பியம் அதைத் தடுத்து நிறுத்தும். கருணா தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் இதை மனச்சிதைவு நோயாளிகள் 182 பேரிடம் சோதித்தது. ஐந்து வாரத்தில் நோய்க்குறி மதிப்பெண் சராசரியாக 17.4 குறைந்தது, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 5.9 மட்டுமே. 2024 செப்டம்பரில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. குமட்டலும் மலச்சிக்கலும் முழுவதும் போய்விடவில்லை, ஆனால் தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிட்டன.

இரண்டே மாதத்தில் ஓர் ஏமாற்றம். எம்4 ஏற்பியை மட்டும் குறிவைத்த எம்ராக்ளிடின் என்ற மருந்து இரண்டு சோதனைகளில் போலி மாத்திரையை விஞ்சவில்லை. எம்1-உம் சேர்ந்தால்தான் பலன் கிடைக்குமா, அல்லது ஏற்பியைத் தூண்டும் விதமே வேறாக இருக்க வேண்டுமா? மஸ்காரினிக் ஏற்பிகளை நோக்கி வரும் அடுத்த மருந்துகள் முதலில் இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.