மின்னூலில் ஹெட்டர், ஃபுட்டர்: பதிப்பகத்தார் கவனத்திற்கு

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மின்னூலாக்கிக் கொடுத்த நாவல் ஒன்றைக் கைப்பேசியின் திரைவாசிப்பான் வழியே கேட்டுக்கொண்டிருந்த பார்வையற்ற மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அவள் கதவைத்" என்று சொன்ன குரல், அடுத்து அத்தியாயத்தின் பெயரையும் "எண்பத்தேழு" என்ற எண்ணையும் சொல்லிவிட்டு, அதன் பிறகே "திறந்தாள்" என்று வாக்கியத்தை முடிக்கிறதாம். நூல் நெடுக இதே கதை. அச்சுக்குப் போன பிடிஎஃபிலிருந்து உரையை எடுத்தபோது, பக்கங்களின் தலையில் இருந்த பெயரும் எண்ணும் தனிப் பத்திகளாக உள்ளே வந்துவிட்டிருந்தன. அனுப்புவதற்கு முன் எபப்செக் கருவியில் சோதித்திருந்தோம். அது ஒரு பிழையும் காட்டவில்லை. அந்தக் கருவி கோப்பின் குறியீடுகள் விதிப்படி உள்ளனவா என்று பார்க்குமே தவிர, ஒரு பத்தி ஆசிரியர் எழுதியதா, அச்சுப் பக்கத்தின் மிச்சமா என்பது அதற்குத் தெரியாது.

பக்கத்தின் தலையில் வரும் வரியை ஹெட்டர் என்றும், அடியில் வரும் வரியை ஃபுட்டர் என்றும் டிடிபி செய்பவர்கள், அதாவது கணினியில் பக்கம் அமைப்பவர்கள், சொல்வார்கள். இவ்விரண்டும் அச்சுப் புத்தகத்தில் பயனுள்ளவை. இடப்பக்கத்தில் நூலின் பெயர், வலப்பக்கத்தில் அத்தியாயத்தின் பெயர், கீழேயோ ஓரத்திலோ எண் என்று இருந்தால், புத்தகத்தை எங்கே பிரித்தாலும் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். (ஃபுட்டரை அடிக்குறிப்பு என்று எழுதுவதைத் தவிர்க்கிறேன், அந்தச் சொல் ஃபுட்நோட்டுக்கு வழங்கிவருகிறது, இரண்டையும் குழப்பிக்கொண்ட மின்னூல்களும் உண்டு.) திரைக்கேற்ப வரிகள் மாறும் மின்னூலிலோ பக்கம் என்று நிலையான ஒன்று கிடையாது. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் கூடும், கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினால் குறையும். ஆகவே அங்கே ஹெட்டரை வரையும் வேலை படிப்புச் செயலியுடையதே தவிர நம்முடையது அன்று.

தொழில்தரங்கள் இந்த முடிவுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. இ-பப் என்பது மின்னூல் கோப்புக்கான பொதுவடிவம். 2007இல் வந்த இ-பப் 2 தரத்தில், நூலாக்குபவரே ஹெட்டரையும் ஃபுட்டரையும் குறிப்பதற்கென்று 'ஓஇபி-பேஜ்-ஹெட்', 'ஓஇபி-பேஜ்-ஃபுட்' என இரண்டு சிஎஸ்எஸ் மதிப்புகள் இருந்தன (உரையின் தோற்றத்தை வகுக்கும் மொழிதான் சிஎஸ்எஸ்). இவை இடப்பட்ட பகுதி பக்கத்தின் தலையிலோ அடியிலோ மட்டும் தோன்ற வேண்டும், உரையோடு கலந்து வரக்கூடாது என்பது விதி. நல்ல விதிதான், ஆனால் பெரும்பாலான படிப்புச் செயலிகள் அதைச் செயல்படுத்தவில்லை. தனக்குத் தெரியாத மதிப்பைப் புறக்கணித்துவிடுவது சிஎஸ்எஸ்ஸின் இயல்பு என்பதால், ஹெட்டருக்கென்று எழுதிய வரி அச்செயலிகளில் சாதாரணப் பத்தியாக நூலின் நடுவே வந்து விழுந்தது. 2023 மே மாதம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியான இ-பப் 3.3இல் அந்த மதிப்புகள் இல்லை. அச்சுக்கான சிஎஸ்எஸ் பக்க விதியில் ஹெட்டர், ஃபுட்டர் போன்றவற்றை வைக்க ஒரு பக்கத்தின் ஓரங்களைச் சுற்றி 16 பெட்டிகள் உண்டு, பேஜ்டு.ஜேஎஸ், விவ்லியோஸ்டைல் போன்ற கருவிகளைக் கொண்டு பிடிஎஃப் உருவாக்கும்போது அவை அருமையாக வேலை செய்கின்றன. அதே பாணிக்கோப்பை இ-பப்பில் வைத்துவிட்டு ஹெட்டர் வரும் என்று காத்திருப்பது வீண்.

தவறு பெரும்பாலும் நுழையும் இடம் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன். அதன் பேரன்ட் பக்கத்தில், அதாவது முன்பு மாஸ்டர் பக்கம் என்று அழைக்கப்பட்ட, பல பக்கங்களுக்கும் பொதுவான மாதிரிப் பக்கத்தில், வைத்த ஹெட்டர் திரைக்கேற்ப மாறும் இ-பப்பாக ஏற்றுமதி செய்யும்போது தானாகவே விடுபட்டுவிடும். ஆனால் ஏதோ ஒரு பக்கத்தில் அத்தியாயப் பெயரைத் திருத்த வேண்டி, அந்த ஹெட்டரைத் தனியே பிரித்து, அதாவது ஓவர்ரைடு செய்து மாற்றியிருந்தால், அது அப்பக்கத்தின் சொந்த உரையாகிவிடுவதால் மின்னூலுக்குள் போய்விடும். முந்நூறு பக்க நூலில் நான்கே இடங்களில் ஹெட்டர் தலைகாட்டினால், அங்கெல்லாம் கடைசி நேரத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். வேர்டு கோப்பில் ஹெட்டர் பகுதியைப் பயன்படுத்தாமல் பக்கத்தின் முதல் வரியிலேயே நூற்பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கோபித்துப் பயனில்லை, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே வந்துவிட்டதை நீக்குவதிலும் நிதானம் வேண்டும். சிகில், காலிபர் போன்ற மின்னூல் திருத்தும் கருவிகளில் 'பெயரும் எண்ணும் மட்டும் உள்ள பத்தி' என்ற வடிவத்தைக் கொடுத்துத் தேடலாம். ஒற்றைப் பக்கத்துக்கும் இரட்டைப் பக்கத்துக்கும் வடிவம் வேறு என்பதால் இரண்டு முறை தேட வேண்டும். எண் இல்லாமல் பெயரை மட்டும் தேடி ஒரேயடியாக அழித்த ஒரு நாளில், பாத்திரம் ஒன்று பேசும் வசனமாகத் தனிப் பத்தியில் நின்ற நூற்பெயரையும் நான் சேர்த்து அழித்திருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தே நீக்குகிறேன். கவிதை நூல்களில் இது இன்னும் சிக்கல். ஹெட்டர் ஒரு கவிதை வரியைப் போலவே தெரியும். அதைத் திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்று எண்ணி ரசித்த ஒரு வாசகரை எனக்குத் தெரியும்.

பக்க எண் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். பாடநூலுக்கும் ஆய்வுநூலுக்கும் மிகவும் வேண்டும். வகுப்பில் 87ஆம் பக்கத்தைத் திறக்கச் சொல்லும்போது மின்னூல் வைத்திருப்பவரும் அங்கே போக முடிய வேண்டும். அதற்கு இ-பப் 3இல் உள்ள வழி, அச்சுப் பக்கம் தொடங்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத 'பேஜ்பிரேக்' குறி ஒன்றை வைத்து, பொருளடக்கம் இருக்கும் வழிகாட்டிக் கோப்பில் 'பேஜ்-லிஸ்ட்' என்ற பட்டியலில் எல்லா எண்களையும் தருவது. எந்த அச்சுப் பதிப்பின் எண்கள் என்பதை மேல்தரவில், அதாவது நூலைப் பற்றிய விவரங்கள் உள்ள பகுதியில், குறிப்பிட வேண்டும். அச்சுப் பதிப்பே இல்லாத நூலுக்கு இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. தமிழில் கூடுதலாக ஒரு கவனம் தேவை: பக்கத்தின் கடைசிச் சொல் உடைந்து அடுத்த பக்கத்தில் தொடர்ந்தால், குறியைச் சொல்லின் நடுவே வைக்காமல் முழுச் சொல்லுக்கு முன்போ பின்போ வையுங்கள். நடுவில் வைத்தால் சில குரல்கள் சொல்லை இரண்டாகப் பிளந்து வாசிக்கும், தேடலிலும் அந்தச் சொல் அகப்படாமல் போகலாம். உடைத்த இடத்தில் இருந்த இணைப்புக்கோட்டையும் மறவாமல் எடுத்துவிட வேண்டும்.

செயலி திரையின் தலையில் காட்டும் பெயர், நாம் மேல்தரவில் கொடுக்கும் நூற்பெயரிலிருந்தோ வழிகாட்டிக் கோப்பின் அத்தியாயப் பெயரிலிருந்தோதான் வருகிறது. அங்கே 'கடைசித் திருத்தம் 2' என்று கோப்பின் பெயரே நூற்பெயராக நின்றுவிட்டால், ஒவ்வொரு திரையிலும் வாசகருக்கு அதுவே ஹெட்டர். படக்கதை, சிறுவர் நூல் போன்ற நிலையான அமைப்பு கொண்ட மின்னூல்களில் மட்டும் ஹெட்டரையும் எண்ணையும் பக்கத்திலேயே வைக்கலாம். அங்கும் திரைவாசிப்பான் அவற்றை வாசிக்காமல் தாண்டும்படி குறித்துவிடுங்கள். மற்ற நூல்களுக்கு, மாற்றித் தருபவரிடமிருந்து கோப்பை வாங்கும் அன்றே நூற்பெயரைத் தேடல் பெட்டியில் இட்டு, எத்தனை இடங்களில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். ஐந்தாறு இடங்கள் என்றால் சரி; நூற்றைம்பது என்றால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.