ஈர மணல் ஏன் கறுக்கிறது?

பாலாற்றில் தண்ணீர் ஓடினால் வேலூர்க்காரர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்போம். மற்ற நாட்களில் ஆறு என்றால் மணல்தான். அதில் ஊற்று தோண்டியவர்களுக்குத் தெரியும்: மேலே வெளிறிக் கிடக்கும் மணல், தோண்டத் தோண்ட ஓரிடத்தில் சட்டென்று கறுக்கும். சரி, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதே மணலை வாரி வெயிலில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பழையபடி வெளுத்துவிடும். நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்.

தண்ணீருக்குத்தான் நிறமே இல்லையே. அப்புறம் கறுப்பு எங்கிருந்து வந்தது?

ஆற்று மணலில் நிறைய இருப்பது குவார்ட்ஸ் என்ற கனிமம். ஒரு பருக்கையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட கண்ணாடிச் சில்லு, மேலே லேசாக இரும்புக் கறை. ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு ஏறக்குறைய 1, தண்ணீருக்கு 1.33, குவார்ட்ஸுக்கு 1.54. இரண்டு பொருள்கள் தொடும் இடத்தில் இந்த எண்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ, அவ்வளவுக்கு ஒளி எதிரொளிக்கும், வளையும்.

காற்றிலிருந்து பருக்கைமேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4.5 சதவீதம் திரும்பிவிடுகிறது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு பருக்கையிலும் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை என்று அலைக்கழிந்து, ஆழம் போவதற்குள் ஒளியின் பெரும்பகுதி மேலேயே வந்துவிடும். நாம் பார்க்கும் வெளுப்பு அதுதான். கண்ணாடியைப் பொடித்தால் வெள்ளையாவதும் இதே கதை.

இடுக்கில் காற்று போய்த் தண்ணீர் புகுந்தால்? திரும்பும் ஒளி அரை சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். வளைவும் குறைவதால் ஒளி கீழே கீழே போகிறது. வழியெல்லாம் இரும்புக் கறை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது. மேலே படிந்த தண்ணீர்ப் படலமும் சும்மா இருப்பதில்லை. 1925இல் சுவீடன் இயற்பியலாளர் ஆன்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் இதை விளக்கினார் (அலைநீள அலகுக்குப் பெயர் கொடுத்தவரின் பேரன் இவர்). மணலில் பட்டு மேலே வரும் ஒளி, செங்குத்திலிருந்து 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் தண்ணீரைத் தாண்ட முடியாமல் மறுபடி மணலிலேயே விழும்.

டீக்கடையில் வடை மடித்துத் தரும் பேப்பரில் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். காகித நாரின் எண் 1.5 பக்கம், கடலை எண்ணெய்க்கு 1.47. இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால் எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. தண்ணீர் ஊறினால் இவ்வளவு தெளிவு வராது. அந்த எண்ணெய்க் கறை மேசைமேல் கிடக்கும்போது மங்கல். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அதுதான் சுற்றியுள்ள காகிதத்தைவிடப் பிரகாசம்! எண்ணெய் ஒளியைத் தின்றுவிடவில்லை, அந்தப் பக்கம் போக விட்டிருக்கிறது.

மறுபடி ஆற்றுக்கு வருவோம். தண்ணீர் ஓரத்து ஈர மணலில் காலை அழுத்தி ஊன்றுங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு வளையம் வெளுக்கும். அழுத்தியதில் பருக்கைகள் விலகி இடுக்குகள் பெரிதாகின்றன. மேலிருந்த தண்ணீர் அவற்றை நிரப்பக் கீழே இறங்க, அதன் இடத்தில் காற்று. சில நொடிதான். தண்ணீர் மெல்ல ஊறி மேலே வரும், வளையம் மீண்டும் கறுத்துவிடும்.