தூரம் மாறாது, நேரம் மாறும்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று இணையம் உடனே சொல்லிவிடும். கிலோமீட்டரை நம்பலாம். மணிக்கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

தூரத்துக்கு இரு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாக வைத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பில் மிகக் குறுகிய பாதையின் நீளத்தை முக்கோணவியல் தந்துவிடும். துருவங்களில் பூமி சற்றுத் தட்டை என்பதால் அரை சதவீதம்வரை பிசகலாம், அவ்வளவுதான்.

அந்தப் பாதையின் வடிவம்தான் வேடிக்கை. நியூயார்க், மாட்ரிட் இரண்டின் விமான நிலையங்களும் ஏறக்குறைய 40.5 டிகிரி வடக்கில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்தால் நேராகக் கிழக்கே போவதுதான் சுருக்கம் என்று தோன்றும். அப்படிப் போனால் சுமார் 5,930 கி.மீ. வடக்கே வளைந்து, நடு அட்லாண்டிக்கில் 46 டிகிரிவரை ஏறி இறங்கினால் 5,760 கி.மீ.தான். நம்ப முடியாதவர்கள் ஒரு பந்தின்மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம்.

சரி, நேரம்? பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. இது சுற்றியுள்ள காற்றை வைத்துச் சொல்லும் வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால்? சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூமி சுழல்வதால் ஊர் விமானத்துக்கு அடியில் நகர்ந்துவிடுகிறது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கின்றன.

போகும்போது மிச்சமானது திரும்பும்போது செலவாகிச் சரியாகிவிடாதா? ஆகாது. 7,200 கி.மீ. தூரம் என்று வையுங்கள். காற்று இல்லாவிட்டால் போக 8 மணி, வர 8 மணி. மணிக்கு 100 கி.மீ. காற்று அடித்தால் ஒரு பக்கம் 7 மணி 12 நிமிடம், மறுபக்கம் 9 மணி. மொத்தத்தில் 12 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் பறக்கும் நேரம் அதிகம் என்பதால் அதன் அடியும் அதிகம். அதனாலேயே வட அட்லாண்டிக் வான்வழிகளைக் காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள்.

வானத்துக்கும் எல்லை உண்டு. 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியளவில் போன விமானங்கள் சுற்றிப்போய் 13 மணி நேரம் எடுத்துக்கொண்டன.

அப்புறம், டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம், பயணிகள் ஏறும் வாசலைவிட்டு நகர்ந்ததிலிருந்து இறங்கும் வாசலில் போய் நிற்கும்வரையான நேரம் அது. ஓடுபாதை வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் போட்டிருப்பார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் குறித்த நேரத்துக்கே போய்ச் சேர்வது இப்படித்தான்.